மலைக்கேற்ற லென்ஸ்

(கொடைக்கானலில் ஒளிப்படக் கலைஞர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் கேமராப் பையில் என்ன இருக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து வயதில் மூத்த கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஏரிக்கரையில் இல்லை, எந்த ஸ்டூடியோவிலும் இல்லை. மேலே, 2,343 மீட்டர் உயரத்தில், வானாய்வகத்தில் இருக்கிறது. பாரிஸ் நகரத்து லெரெபூர் - செக்ரெட்டான் பட்டறையில் உருவான ஆறு அங்குல லென்ஸ். 1850-இல் சென்னை வானாய்வகத்துக்காக வாங்கினார்கள். 1898-இல் கிரப் நிறுவனம் அதைச் சூரியனைப் படம் எடுக்கும் கருவியாக மாற்றிக் கொடுத்தது. பிறகு மலையேறி வந்தது. இங்கே அதற்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: வானம் திறந்திருக்கும் நாளெல்லாம் சூரியனை ஒரு படம் எடுத்து வைப்பது.

ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சூரியனின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். நம்மில் பலர் தோளில் தொங்கவிட்டு அலையும் 300 மி.மீ. லென்ஸில் சூரியன் 3 மி.மீ.கூடத் தேறாது. அந்தப் பாரிஸ் லென்ஸின் குவியத் தூரம் சுமார் இரண்டேகால் மீட்டர். பிம்பம் இரண்டு செ.மீ. அதை இன்னொரு லென்ஸால் பெருக்கி 20 செ.மீ. வட்டமாகக் கண்ணாடித் தட்டில் பிடித்தார்கள். (கணக்கைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலையில் சோலார் ஃபில்டர் இல்லாமல் சூரியன் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். சென்சார் போனால் வாங்கிக்கொள்ளலாம், கண்ணை வாங்க முடியாது.)

இங்கே வெள்ளொளிப் படங்கள் 1904-இல் தொடங்கின. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி, கால்சியம் உமிழும் ஒரே ஒரு நிறத்தில் மட்டும் சூரியனைக் காட்டுவது. அதை முழுமையாக வேலை வாங்கியவர் 1907-இல் இங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட். 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்பதை அவர் இந்த மலையில் எடுத்த நிறமாலைப் படங்களில்தான் கண்டார். உலகம் முழுவதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவரிடம் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. வந்த கருவியோடு நில்லாமல், பக்கத்திலேயே இன்னொன்றைத் தானே உருவாக்கிக்கொண்டார். 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் சூரியப் படங்கள் சேர ஆரம்பித்தன.

அந்தத் தட்டுகளையும் ஃபிலிம்களையும் இப்போது டிஜிட்டலாக மாற்றிவிட்டார்கள். நூறாண்டுச் சூரியனை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிற விஞ்ஞானிகள் கொடைக்கானல் படங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளை வட்டத்தில் சில கறுப்புப் புள்ளிகள்தான். இடத்தை மாற்றாமல், விடாமல் எடுத்ததால்தான் அவற்றுக்கு மதிப்பு. கருவி வாங்குவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி என் பை. பாடியைப் பற்றி இரண்டு வரி போதும். நிக்கான் டி750, 2014-இல் வந்த மாடல். மிர்ரர்லெஸ் வந்த பிறகு அதைப் பழைய இரும்பு என்று இளையவர்கள் கேலி செய்கிறார்கள். தூறல் பட்டால் தாங்குகிறது, ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்த படம் அச்சில் சுத்தமாக வருகிறது. எனக்கு அது போதும்.

லென்ஸ் மூன்று: 35 மி.மீ., 105 மி.மீ. மேக்ரோ, 300 மி.மீ. ஜூம் கிடையாது. ஏன் இந்த மூன்று என்பதற்குக் கடையில் பதில் கிடையாது, சோலையில்தான் கிடைக்கும்.

பாம்பே சோலைக்குள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வெளியே பாதையில் வெயில் கண்ணைக் கூசும். பத்து அடி உள்ளே போனால் ஒளிமானி எட்டொன்பது ஸ்டாப் இறங்கிவிடும். எஃப் 4 துளை, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்கு. அதுவே நல்ல நாள் கணக்கு. மரங்கள் குட்டையானவை, கிளைகள் பின்னியவை, தண்டெல்லாம் பாசி. மேலிருந்து வரும் வெளிச்சம் இலைகளில் வடிந்து பச்சையாக இறங்குகிறது. அங்கேதான் கறுப்பும் ஆரஞ்சுமான அந்த ஈப்பிடிப்பான் இருக்கிறது. மேற்கு மலைத்தொடரின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. உயரமான கிளையை அது தேடுவதில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் உட்கார்ந்து, தரையில் விழுந்த பூச்சியைக் கொத்திக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்தால் நாலைந்து மீட்டர் தூரத்துக்கே வந்துவிடும். வெள்ளை வயிற்று நீலச்சிட்டும் அப்படித்தான், புதரடியில், இருட்டில், நம் காலடிக்குச் சற்றுத் தள்ளி.

இந்தப் பறவைகளுக்கு 600 மி.மீ. பீரங்கி எதற்கு? அதைக் கொண்டுபோனால் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்காகப் பின்னால் போக வேண்டும், பின்னால் போனால் இடையில் பத்துக் கிளை. என் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஃப்ரெனல் வகை. ஒளியின் விளிம்பு விலகலைப் பயன்படுத்தி நீளத்தையும் எடையையும் குறைத்து 2015-இல் வெளியிட்டார்கள். எடை 755 கிராம். இதே நீளத்தில் எஃப் 2.8 லென்ஸ் கிட்டத்தட்ட மூன்று கிலோ. வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப் வெளிச்சம். அந்த ஒரு ஸ்டாப்பை ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி வாங்கிவிடலாம், வட்டக்கானல் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலை எங்கே போய் வாங்குவது? குறையும் உண்டு. எதிரே பளிச்சென்று ஒரு விளக்கோ வெயில் துண்டோ இருந்தால் அதைச் சுற்றி நிறவளையம் விழும். ஃப்ரெனல் லென்ஸின் பிறவிக் குணம் அது. சோலைக்குள் அந்தத் தொந்தரவு குறைவு. சோலைக்கு அது பொருந்தியதால் வாங்கினேன். பறவைகள் தொலைவில் நிற்கும் கழுவேலியிலோ கோடியக்கரையிலோ வாழ்ந்திருந்தால் வேறு லென்ஸ் வாங்கியிருப்பேன்.

கருவியை இடத்துக்கேற்பச் செய்துகொண்ட பெரியவர் ஒருவர் நமக்கு உண்டு. மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்தது போல எடுத்தவர்கள் குறைவு. அவர் கேமராவின் உடல் ஒரு நிறுவனத்தினுடையது, டெலி லென்ஸ் வேறொன்றினுடையது, இடையில் இருந்ததெல்லாம் அவரே பொருத்திக்கொண்டவை. அந்த ஒட்டுக்கட்டுக்கு அவர் வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா. பார்த்தவர்கள் சிரித்தார்கள். யானை எவ்வளவு தூரத்தில் நிற்கும், தனக்கு எவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும், காட்டுக்குள் எது பழுதானால் தன் கையால் சரிசெய்ய முடியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கான கேமராவை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை, அவர் செய்துகொண்டார். எவர்ஷெட்டும் அவரும் ஒரே ஜாதி என்பேன்.

அடுத்து, மூடுபனி. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் அதை நம்பித்தான் பாதிப் பேர் கேமராவோடு இங்கே வருகிறார்கள். வந்து எடுத்துவிட்டு, படம் அழுக்காக இருக்கிறது என்கிறார்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளைப் பனியையும் சாம்பலாக்கிக் கொடுப்பது அதனால்தான். ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள், அடர்ந்த பனியில் ஒன்றரை. ஆட்டோ ஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும், பனியில் விளிம்பே இருக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அதை அணைத்துவிட்டுக் கையால் திருப்புங்கள்.

பனியில் கேமரா தலையில் ஃபிளாஷைப் பொருத்தி அடிப்பது வீண். லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் வெளிச்சத்தை நேரே திருப்பி அனுப்பும், எதிரே நிற்கும் ஆள் மறைந்துபோவார். கொடை ரோட்டிலிருந்து ஏறும் வண்டிகளில் பனிவிளக்கை ஓட்டுநரின் கண்மட்டத்தில் வைப்பதில்லை, கீழே பம்பரில்தான் வைத்திருப்பார்கள். காரணம் இதேதான். ஃபிளாஷையும் அப்படிக் கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் ஓர் ஆள் கையில் கொடுத்துவிடுங்கள். பனியே பெரிய டிஃப்யூசராகிவிடும்.

கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும்போது சில நாள் வேறொரு வேடிக்கை நடக்கும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து, எதிரே பள்ளத்தாக்கில் பனி திரண்டு நின்றால், நம் நிழல் அந்தப் பனிமேல் விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். பிராக்கன் நிழல் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டும்தான் வளையம் தெரியும், பக்கத்தில் நிற்பவர் நிழலுக்கு அது கிடையாது. படம் எடுத்தால் வளையம் கேமரா இருக்கும் இடத்தைச் சுற்றித்தான் விழும். மனைவியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டும் என்கிறவர்கள் கேமராவை அவர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

செயற்கை வெளிச்சத்தில் நான் கஞ்சன். ஒரு சிறிய ஃபிளாஷ், ஒரு வயர்லெஸ் ட்ரிகர், ஒரு தெர்மாகோல் அட்டை. இந்தப் பட்டியலில் தெர்மாகோலுக்குத்தான் முதலிடம். பூம்பாறையில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் அம்மாவை அவர் வீட்டில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் இருட்டு, வாசலில் வெயில். அவரை வாசற்படிக்கு ஓரடி உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, வெளிச்சம் படாத கன்னத்தின் பக்கம் தெர்மாகோலைச் சாய்த்து வைத்தால் போதும். சினிமாக்காரர்கள் காலகாலமாகச் செய்வது. குடை, சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டு என்று பரப்பினால் அவர் பூண்டை விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார். என் படம் அத்தோடு போயிற்று.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களை இரவில் எடுக்கும்போது ஃபிளாஷைப் பையைவிட்டே எடுப்பதில்லை. இருட்டில் நடந்து வருபவர் முகத்தில் பளீரென்று அடித்தால் அடுத்த பத்தடிக்கு அவருக்கு ரோடு தெரியாது, பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். எஃப் 1.8 துளையுள்ள 35 மி.மீ. லென்ஸ் அந்த வேலைக்குத்தான். டீக்கடை டியூப்லைட்டும் அன்னதானப் பந்தலின் விளக்கும் போதுமான வெளிச்சம். மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபர் முதல் செல்பேசிக்கும் கேமராவுக்கும் தடை இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. படம் வழிநடையில்தான் இருக்கிறது.

பறவைகளுக்கு ஃபிளாஷ் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) போன்றவர்கள் ஃபிளாஷைக் கையாண்ட நேர்த்தி வேறு, அந்தக் காலத்து ஃபிலிமின் வேகமும் வேறு. இன்று ஐ.எஸ்.ஓ. 3200-ஐக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டில் குஞ்சு இருக்கும்போது முகத்துக்கு நேரே அடிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. கூட்டுப் படங்களை இன்று பல போட்டிகளில் ஏற்பதே இல்லை. ஊருக்குள் இறங்கி வரும் காட்டு மாட்டுக்கும் இதே விதிதான், அங்கே பயம் மாட்டுக்கு மட்டுமல்ல, நமக்கும் இருக்க வேண்டும்.

இப்போது யாரும் பேச விரும்பாத கருவிக்கு வருகிறேன்: சிலிக்கா ஜெல். இந்த மலையில் லென்ஸைக் கொல்வது ஈரம்தான், வேறெதுவும் அதற்கு அடுத்ததுதான். அக்டோபர், நவம்பரில் துணி காயாது, சுவர் வியர்க்கும், அலமாரியில் பெல்ட் பூசணம் பூக்கும். அதே பூசணம் லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி நூல் போல ஓடிக் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அரித்த பூச்சு திரும்ப வராது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். லென்ஸைத் தோல் உறையில் போட்டு மூடி வைப்பதுதான் மிக மோசமான வழி, உறையே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூள் உள்ளே போகும்.

மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், 45 விழுக்காட்டில் நிறுத்திவிடலாம். முடியாதவர்களுக்கு ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், மருந்துக்கடை வலைத்துணியில் கட்டிய கால் கிலோ சிலிக்கா ஜெல்லும் போதும். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். இரும்பு வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மெல்ல மெல்லத் திரும்பவும் நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் எதையும் தாளிக்காதீர்கள். நீலம் தருவது கோபால்ட் குளோரைடு, நச்சு. அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். விடியற்காலையில் பத்து டிகிரியில் குளிர்ந்து கிடந்த லென்ஸை, வத்தலக்குண்டில் இறங்கி டீக்கடை முன்னால் பையைத் திறந்து எடுத்தால், கீழ்நாட்டு ஈரக்காற்று அதன்மேல் முத்து முத்தாகப் படியும். புறப்படும் முன்பே பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஈரம் உறைக்கு வெளியே படியட்டும். லென்ஸ் வெதுவெதுப்பான பிறகு பிரிக்கலாம். குளிர்காலத்தில் உபரி பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

குறிஞ்சியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1994, 2006, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டுப் பகல் ஒளிக்கு நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவு முழுக்க ஒரே நீலமாக இருந்தால் கேமரா அதைப் பிழை என்று எண்ணித் திருத்தப் பார்க்கும். ஈர இலைகளின் மினுமினுப்பை நீக்கப் போலரைசர் நல்லது, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். மற்றபடி குறிஞ்சிக்கென்று தனி லென்ஸ் ஒன்றும் இல்லை.

ஆனால் குறிஞ்சி பூக்கும் புல்வெளி இருக்க வேண்டுமே. வன அதிகாரி பிரையன்ட் 1906-இல் நடத் தொடங்கிய பைன் காட்டில் இன்று கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே படம் எடுப்பது சுலபம். நேர்க்கோடாக மரம், இடையில் சாய்ந்து விழும் வெயில், 85 மி.மீ. லென்ஸை நீட்டினால் போதும், படம் தானே அமையும். சோலையும் புல்வெளியும் அப்படி இணங்கிவராதவை. அதனாலேயே நம் கேமராக்கள் அவற்றைப் பார்க்கத் தவறிவிட்டன. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய செயற்கைக்கோள் படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, பழனி மலையின் புல்வெளி நாற்பதாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடமெல்லாம் மரத் தோட்டங்களும் விவசாயமும். வானத்திலிருந்து எடுத்த படங்கள் அவை. தரையில் நின்று எடுத்தவை நம்மிடம் எவ்வளவு இருக்கின்றன?

நான் ஜூம் லென்ஸைக் கைவிட்டதற்கு உண்மையான காரணம் இதுதான். மன்னவனூர்ப் பக்கம் சில சரிவுகளை ஆண்டுதோறும் அதே பாறைமேல் நின்று, அதே மாதத்தில், அதே 35 மி.மீ. லென்ஸால் எடுத்து வருகிறேன். ஜூம் என்றால் போன ஆண்டு எந்த அளவில் நிறுத்தினேன் என்ற சந்தேகம் வந்துவிடும், நிலைக் குவிய லென்ஸில் அந்தப் பேச்சே இல்லை. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தோட்டங்களிலிருந்து பரவும் வாட்டில் மரம் எந்த ஓடையைப் பிடித்து ஏறுகிறது என்று தெரிகிறது. கண்காட்சியில் வைத்தால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். வானாய்வகத்துக்காரர்கள் மட்டும் புரிந்துகொள்வார்கள்.

இந்த வேலையை நான் தொடங்கியது தாமதம். ஆனால் நம் எல்லோர் வீட்டிலும் இது எப்போதோ தொடங்கிவிட்டது. உங்கள் அப்பாவும் அம்மாவும் தூண் பாறை முன்னால் நின்ற படம் பெட்டியில் இருக்கும். அக்ஃபா கிளிக் த்ரீயில் எடுத்திருப்பார்கள், ஒரு ரோலில் பன்னிரண்டு படம். கறுப்பு வெள்ளையாக இருந்தால், 1960-இல் ஊட்டியில் நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிமாகக்கூட இருக்கலாம். நீங்கள் பார்ப்பது முகங்களை. முகங்களுக்குப் பின்னால் பாருங்கள், அந்த மலைச்சரிவில் அன்று புல் இருந்ததா, மரம் இருந்ததா என்று பதிவாகியிருக்கிறது. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பெருமாள்மலையிலும் எத்தனை தகரப் பெட்டிகளில் எத்தனை நெகட்டிவ்கள் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றனவோ. வரும் ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெளியே எடுங்கள். ஈரம் போக உலர்த்தி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஊர், இடம், ஆண்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு, நெகட்டிவ் உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். புது லென்ஸ் வாங்குவது அடுத்த மாதம் இருக்கட்டும்.